மாங்காட்டில் ஆறு வாரம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு முடித்து வரும் பையன் நாலு நாள் சரியாகச் சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால், வீட்டுக்குள் மருத்துவக் குழு கூடிவிடும். நோய்: "எவகிட்டயோ மாட்டிக்கிட்டான்." மருந்து: "ஒரு கால்கட்டைப் போட்டா சரியாயிடும்." மனநல மருத்துவம் படித்தவர்கள் பாவம். ஆவடியில் தெருவுக்கு இரண்டு பெரியம்மாக்கள் ஃபீஸ் வாங்காமலே பார்க்கிறார்கள்.

பெண்ணாக இருந்தால் வைத்தியம் தெய்வீகமானது. பூந்தமல்லிக்குப் பக்கத்தில் மாங்காடு; ஆறு வாரம், கையில் எலுமிச்சம்பழம், வரன் அமைந்துவிடும். அங்கே இருக்கிற காமாட்சி யார்? மனசில் வரித்த ஒருத்தரைத்தான் கட்டுவேன் என்று பஞ்சாக்கினி நடுவே ஒற்றைக்காலில் நின்றவள். அவளைவிடப் பிடிவாதமான காதலியை நம் புராணத்தில் தேட வேண்டும். அவள் சன்னதியில் மகளை நிறுத்தி, "இவ அந்தப் பையனை மறக்கணும் தாயே, நம்ம சாதியில ஒருத்தன் அமையணும்" என்று கண்ணீர் மல்க வேண்டுகிறார்கள். அவள் முகத்துக்கு நேரே இதைக் கேட்கத் தனித் துணிச்சல் வேண்டும்.

மருந்து வேலை செய்கிறதா? தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில், 2022-இல் நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர். காரணம் காதல் என்று பதிவானவை 4.5 சதவீதம். திருமணம் சார்ந்த பிரச்சினை 4.8. குடும்பப் பிரச்சினை 31.7. நோயைவிட மருந்து அதிகம் கொன்றிருக்கிறது. மருந்து எழுதிய ஆஸ்பத்திரியான குடும்பமோ நோயைப்போல் ஏழு மடங்கு. காதலித்ததற்காக அறையில் பூட்டப்பட்ட பெண் செத்தால் அது எந்தக் கட்டத்தில் ஏறும்? எழுதுகிற ஏட்டுக்கே வெளிச்சம்.

சர்க்காரும் சளைத்ததல்ல. 1954-ஆம் வருடத்துச் சிறப்புத் திருமணச் சட்டப்படி, மதம் தாண்டிக் கட்ட நினைப்பவர்களின் விவரத்தைப் பதிவு அலுவலகத்தில் ஒட்டி 30 நாள் காத்திருக்க வேண்டும். தேடி வருகிற மாமனுக்கு வசதியாக. சாதி மதம் தாண்டிய ஜோடிகளைக் காக்க மாவட்டம்தோறும் தனிப்பிரிவு அமைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2018-இல் உத்தரவிட்டது. அதற்கு முன் சாதி தாண்டிய காதலுக்கு உயிர்ப்பலி கேட்ட ஊர்கள் தருமபுரி, உடுமலைப்பேட்டை. பிறகும் 2025-இல் நெல்லை.

மனசு சரியில்லையென்றால் பேச, டெலி மானஸ் 14416 இருக்கிறது; இரவு பகல் இலவசம். பேசுவதற்குக் கதவு சாத்திக்கொள்ளும் அறையும் கையில் ஒரு போனும் வேண்டும். விஷயம் தெரிந்ததும் வீட்டில் முதலில் பிடுங்குவது அந்தப் போனைத்தான்.