பிரிட்ஜ் மோடு பெரியப்பா

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வாடகைக்கு வீடு பார்க்கிறவர்கள் எல்லாவற்றையும் விசாரிப்பார்கள். போர் தண்ணீர் உப்பா, ஐப்பசி மழைக்குத் தெருவில் முட்டியளவு நிற்குமா, ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ உண்டா, எதையும் விடமாட்டார்கள். இந்தத் தெருவுக்கு பிரிட்ஜ் மோடு பெரியப்பா யார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்கத் தேவையும் இல்லை. சாமான் இறக்கிய டாடா ஏஸ் தெருமுனை திரும்புவதற்குள் அவரே கேட்டில் நிற்பார். "நெட்டு யாருது போட்டிருக்கீங்க?" என்பதுதான் அவருடைய வணக்கம். பேரும் ஊரும் பிறகு.

வயது அறுபதுக்கு மேல். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, பாடி லூகாஸ் டி.வி.எஸ்., அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் என்று ஏதோ ஒன்றில் ஆயுளில் பாதியைக் கொடுத்து ஓய்வு பெற்றிருப்பார். ஆவடிக்காரர் என்றால் கொஞ்சம் மிடுக்கு கூடுதல். 1965-இல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியே அனுப்பிய தொழிற்சாலை அது. "டாங்கிக்கே ஸ்பேர் மாத்தினவன் தம்பி நான். உள்ளங்கை அகலம் பெட்டி, இது என்கிட்டயா வேலை காட்டும்?" என்பார். பெட்டி வேலை காட்டும். அதற்குத்தான் அவரும் காத்திருப்பார்.

கையில் ஒரு ரெக்சின் பை. அதற்குள் டெஸ்டர், கிரிம்பிங் டூல், இன்சுலேஷன் டேப், ஆர்.ஜே.11, ஆர்.ஜே.45 முனைகள் ஒரு மருந்து டப்பா நிறைய, ஸ்ப்ளிட்டர் இரண்டு, அடாப்டர்கள் நாலைந்து. ஒவ்வொரு அடாப்டரின் முதுகிலும் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி "12 வோல்ட், மோடம்", "9 வோல்ட், ரூட்டர்" என்று எழுதியிருக்கும். இரண்டையும் மாற்றிச் சொருகி ரூட்டரைப் பொசுக்கிய குடும்பங்களின் பட்டியல் அவரிடம் தேதிவாரியாக உண்டு. இத்தனை ஆயுதம் இருந்தும், ரீசெட் ஓட்டையில் குத்துவதற்கு மட்டும் பெரியம்மாவின் ஊக்குதான். அதைக் கேட்காமல் எடுத்து வந்திருப்பார்.

வந்ததும் மோடத்தைத் தொடமாட்டார். இடுப்பில் கைவைத்து விளக்குகளைப் பார்ப்பார். "பவர் இருக்கு. டி.எஸ்.எல். சிமிட்டுது. நிக்கலை பாருங்க." அடுத்து, வீட்டில் தூசி படிந்து கிடக்கும் லேண்ட்லைன் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். இணையம் வரவில்லை என்று கூப்பிட்ட மனிதர் வீட்டில் போனைக் காதில் வைத்துத் தியானம் செய்கிறாரே என்று புதிதாகக் குடிவந்தவர் விழிப்பார். விஷயம் தெரிந்தால் விழிக்கமாட்டார். பேச்சும் இணையமும் வருவது அதே இரண்டு செம்புக் கம்பிகளில். பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே, இணையம் 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே. இரண்டையும் பிரித்துவிடுவது 'லைன், போன், மோடம்' என்று மூன்று வாய் கொண்ட அந்தக் குட்டி ஸ்ப்ளிட்டர். போனில் கரகரவென்று இரைந்தால், கம்பியில் எங்கோ ஈரம் அல்லது துரு. அப்புறம் மோடம் விடிய விடியச் சிமிட்டும்.

இரைச்சல் இல்லையென்றால் குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறான் என்று பொருள். பெரியப்பா கண்ணைத் திறப்பார். குரல் தாழும். "பெட்ரூம்ல இன்னொரு போன் இருக்கா?"

"ஆமா சார், அம்மாவுக்காக ஒரு பேரலல்..."

"அது ஸ்ப்ளிட்டருக்கு முன்னாடியா, பின்னாடியா?"

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த குடும்பத் தலைவர் இன்னும் பிறக்கவில்லை. பெரியப்பா முழங்காலில் அமர்ந்து, கட்டிலுக்கடியில் தவழ்ந்து, ஸ்ப்ளிட்டரைத் தாண்டித் திருட்டுத்தனமாகப் போகும் கம்பியைப் பிடித்து வெளியே இழுத்துக் காட்டுவார். அந்த முகத்தின் களையை ஓய்வூதிய நாளில்கூடப் பார்க்க முடியாது.

இனி கொள்கைக்கு வருவோம். எல்லாப் பெரிய மனிதர்களையும் போல இவருக்கும் ஒரே ஒரு கொள்கை. "மோடம் மோடம் வேலையைப் பார்க்கணும். ரூட்டர் ரூட்டர் வேலையைப் பார்க்கணும்." மோடமும் வை-ஃபையும் ஒரே பெட்டியில் வந்தால் அவருக்கு ஆகாது. "எல்லா வேலையும் தெரியும்கறவனை நம்பக்கூடாது" என்று சொல்லிவிட்டு, உங்கள் வீட்டு மிக்ஸியின் கப்ளரையும் பார்த்துக் கொடுத்துவிட்டுப் போவார். தனி ரூட்டர் வாங்க உங்களை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு அனுப்புவார். நீங்கள் அதை வாங்கிக்கொண்டு ரயிலேறி வந்து சேரும்போது, சிக்கலும் கூடவே வந்து சேர்ந்திருக்கும்.

மோடத்தின் முகவரி 192.168.1.1. ரூட்டரின் முகவரியும் பல சமயம் அதேதான். சென்னையில் பழைய எண், புதிய எண் குழப்பத்தில் இரண்டு வீட்டு வாசலிலும் ஒரே கதவு எண் தொங்கினால் தபால்காரர் என்ன ஆவாரோ, கணினி அந்த நிலைக்கு ஆளாகிறது. ரூட்டரை 192.168.2.1 என்று மாற்றினால் தீரும். ஆனால் அது அரைகுறைத் தீர்வு என்பது பெரியப்பா கட்சி. இரண்டு பெட்டியும் ஆளுக்கொரு தடவை முகவரி மாற்றி எழுதுவது என்ன நியாயம்? ஆகவே மோடத்தை பிரிட்ஜ் மோடில் போடவேண்டும். அதாவது, பயனர் பெயர், பாஸ்வேர்டு, முகவரி வழங்குவது எல்லாவற்றையும் மோடத்திடமிருந்து பிடுங்கிவிட வேண்டும். கம்பியில் வந்ததை அந்தப் பக்கம் தள்ளிவிடுவதோடு அதன் கடமை முடிந்தது. பி.பி.பி.ஓ.இ. போட்டு உள்ளே நுழைகிற பொறுப்பு முழுக்க ரூட்டருக்கு. மோடத்தில் மிஞ்சுவது வி.பி.ஐ. 0, வி.சி.ஐ. 35 என்ற இரண்டு எண்கள்தாம். பேரனின் நட்சத்திரம் மறந்தாலும் பெரியப்பாவுக்கு பி.எஸ்.என்.எல்.லின் 0, 35 மறக்காது. ஏர்டெல் என்றால் 1, 32 என்று கேட்காமலே சொல்வார்.

இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு. ஆவடி–பூந்தமல்லி சாலையில் ஏதோ ஒரு பொறியியல் கல்லூரியில் படிக்கும் மாடி வீட்டுப் பையன். அவன் மோடத்தின் கேபிளை ரூட்டரின் லேன் வாயில் சொருகி, ரூட்டரின் டி.எச்.சி.பி.யை நிறுத்திவிட்டு, "வந்துடுச்சு ஆன்ட்டி" என்று ஐந்து நிமிடத்தில் போய்விடுவான். வேலை செய்யும். அதுதான் பெரியப்பாவுக்குப் பொறுக்காது. "வேலை செய்யுதுங்கறது வேற. முறைங்கறது வேற" என்று அத்தனையையும் கலைத்து, கேபிளைப் பிடுங்கி வான் வாயில் சொருகி, முறைப்படி ஆரம்பிப்பார். முறை முடிய விளக்கு வைக்கும் நேரம் ஆகும்.

அதுவரை வீட்டுக்காரருக்கும் வேலை இருக்கிறது. பெரியப்பா கூலி வாங்கமாட்டார், காபி வாங்கிக்கொள்வார், அதோடு ஆள் வேண்டும். ஒருவர் டார்ச் பிடிக்கவேண்டும். இன்னொருவர் செல்போனை ஏந்தி அறை அறையாக நடந்து, "வருது", "வரலை", "ஒரு கட்டைதான் வருது" என்று குரல் கொடுக்கவேண்டும். மொட்டைமாடி, சமையலறை, கடைசியில் குளியலறை. "அங்கே எதுக்கு சார்?" என்றால், "உங்க பையனைக் கேளுங்க" என்பார்.

அடுத்து அலைவரிசை. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 மூன்றே. பெரியப்பா தெருவையே பங்கு போட்டிருக்கிறார்: கிழக்கு வரிசைக்கு 1, மேற்கு வரிசைக்கு 6, மாடி வீடுகளுக்கு 11. யாராவது விவரம் தெரியாமல் 'ஆட்டோ'வில் விட்டால், அன்று மாலை அவர் வாசலில் நின்று பேசுகிற தொனியில் குப்பையைப் பக்கத்து மனையில் கொட்டியவர்கூடக் கூனிப்போவார்.

பாதுகாப்பில் கறார். டபிள்யூ.ஈ.பி. பூட்டை 2001-லேயே உடைத்துவிட்டார்கள், டபிள்யூ.பி.ஏ.2 தான் வைக்கவேண்டும் என்று அரைமணி நேரம் எச்சரிப்பார். பிறகு தன் ஓய்வூதிய ஆணை எண்ணையே பாஸ்வேர்டாக வைத்து, மறந்துவிடாமலிருக்க அதை உங்கள் வீட்டுத் தினக்காலண்டர் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டுப் போவார். தெரு முழுக்க அதே எண்தான். இஸ்திரி போடுபவருக்கும் தெரியும்.

அவருடைய ஜென்ம விரோதி லைன்மேன். லைன்மேன் வந்தால் கேள்வி கேட்பதில்லை, ரீசெட்டை அழுத்துவார். பிரிட்ஜ் இடிந்து மோடம் பிறந்தநாள் நிலைக்குத் திரும்பும். "மோடத்துல யாரோ கை வச்சிருக்காங்க" என்பார் லைன்மேன். "மோடத்துல யாரோ கை வச்சிருக்கான்" என்பார் பெரியப்பா. இருவரும் சொல்வது உண்மை.

இத்தனை பாடுபட்டுக் கொண்டுவந்த இணையத்தில் பெரியப்பா என்ன பார்ப்பார்? வேகம் பார்ப்பார். வேறொன்றும் இல்லை. காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை சோதனை போட்டு, பழைய டைரியில் தேதி, நேரம், இறக்கம், ஏற்றம், வானிலை என்று குறித்துக்கொள்வார். பழக்கம் 2005 ஜனவரியில் தொடங்கியது, பி.எஸ்.என்.எல். 'டேட்டாஒன்' அறிமுகமான மாதம். அப்போது 256 கே.பி.பி.எஸ். கிடைத்தாலே அரசு கணக்கில் அகலப்பாட்டை. அந்த வரையறை 512 ஆனது 2013-இல், 2 எம்.பி.பி.எஸ். ஆனது 2023-இல். ஐந்நூறு ரூபாய்த் திட்டத்தில் இரவு 2 மணி முதல் காலை 8 வரை கணக்கில்லாமல் இறக்கிக்கொள்ளலாம் என்றிருந்த காலத்தில், அவர் அலாரம் வைத்து இரண்டு மணிக்கு எழுந்திருக்கிறார். விடிய விடிய எதை இறக்கினார்? அந்த மோடத்துக்கான புது ஃபர்ம்வேரை.

2012 மின்வெட்டில், சென்னைக்கு அன்றாடம் இரண்டு மணி நேரம் கரண்ட் நின்றபோது, வீட்டுக்கு இன்வெர்ட்டர் வந்தது. முதல் இணைப்பு மோடத்துக்கு, இரண்டாவது ரூட்டருக்கு, ஹால் ஃபேனுக்கு மூன்றாவது. பெரியம்மா விசிறிக்கொண்டே சொன்னது தெருவில் பிரசித்தம்: "அவரு சொல்றதையெல்லாம் இந்தக் காதுல வாங்கி அப்படியே அந்தக் காதுல விட்டுடுவேன். எனக்குள்ள ஒண்ணும் தங்காது. நானும் பிரிட்ஜ் மோடுதான்."

காலம் மாறியது. தெருவுக்கு ஃபைபர் வந்தது. பைக்கில் இரண்டு பையன்கள் வந்து, கண்ணாடி இழையை ஒட்டி, ஓ.என்.டி. என்று ஒரு பெட்டியைச் சுவரில் மாட்டி அரைமணியில் போய்விட்டார்கள். மோடம், ரூட்டர், போன் மூன்றும் அதற்குள்ளேயே. மழை பெய்தால் கரகரப்பதற்குச் செம்பு இல்லை. காதில் வைக்க ரிசீவர் இல்லை. பிரிக்க ஸ்ப்ளிட்டர் இல்லை. எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளியே எங்கோ இழை அறுந்திருக்கிறது. ஊக்கால் ஆவது ஒன்றுமில்லை. இணையம் எல்லா வீட்டிலும் எப்போதும் வந்தது. பெரியப்பாவுக்கு ரத்த அழுத்தம் ஏறியது. டாக்டர் நடக்கச் சொன்னார். ரெக்சின் பையோடு நடந்தார். யாரும் கூப்பிடவில்லை.

ஒரு சனிக்கிழமை மாலை அவர் தெருவில் ஓடிவருவதைப் பார்த்தவர்கள் வீட்டில் ஏதோ விபரீதம் என்று பயந்துவிட்டார்கள். "இதுலயும் பிரிட்ஜ் மோடு இருக்குப்பா!" என்று மூச்சிரைத்தார். "உள்ள ஒளிச்சு வச்சிருக்கான்! அவன் வை-ஃபையை அணைச்சுட்டு நம்ம பழைய ரூட்டரை மாட்டிக்கலாம்!" பரணிலிருந்து ரூட்டர்கள் இறங்கின. பிளாஸ்திரி ஒட்டிய அடாப்டர்கள் வெளியே வந்தன. இரவெல்லாம் வீடு வீடாக வேலை நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை தெருவில் ஒரு வீட்டிலும் நெட் இல்லை. பெரியப்பாவுக்கு ரத்த அழுத்தம் நூற்றிருபது, எண்பது.