எலும்பில்லாத வெண்டைக்கா

எலே பேராண்டி, இப்படி வந்து குத்தவை. கம்பு மாவுப் பொட்டலத்துல ‘குளூட்டன் ஃப்ரீ’ன்னு போட்டுருக்குன்னு ரெட்டை வெலை குடுத்து வாங்கியாந்தியாமே? கம்புல என்னைக்குலே குளூட்டன் இருந்துச்சு? அது கோதுமை, பார்லியில இருக்க புரதம்லா. அரிசி, கேப்பை, சோளம், தெனை ஒண்ணுலயும் கெடையாது. நாளைக்கு ‘எலும்பில்லாத வெண்டைக்கா’ன்னு ஒட்டி வித்தாலும் வாங்கிருவ போல.

சரி, ஒனக்கு ஆகாதுன்னு யாருலே சொன்னா? டாக்டரா, யூடியூப்பா? ரத்தத்தைக் கூரியர்ல அனுப்பி, கத்திரிக்கா ஆகாது, பயறு ஆகாதுன்னு முழ நீளத்துக்குப் பட்டியல் வாங்கி வச்சிருக்க. ஐ.ஜி.ஜி. சோதனையாம். கிறுக்குப் பயலே, நீ எதெல்லாம் தின்னுருக்கேன்னுதான் அது காட்டும். அதை வச்சு அலர்ஜின்னு முடிவு கட்டாதீகன்னு டாக்டருமாரு தலைபாடா அடிச்சுக்கிடுதாக.

பால் குடிச்சா வயிறு ஊதுதா? அது அலர்ஜி இல்ல. பால்ல இருக்க சீனியைச் செரிக்கிற சத்து, வயசு ஏற ஏற முக்காவாசிப் பேருக்குக் கொறையத்தான் செய்யும். எனக்கும் அப்படித்தான். மோராக் கடைஞ்சு குடிக்கேன், சொகமா இருக்கேன். பாதாமைப் பிழிஞ்சா குடிக்கேன்?

நெசமாவே ஆகாதவுகளை நான் கேலி பண்ணல கேட்டியா. மேலத்தெருப் புள்ளை ஒண்ணு கடலைமிட்டாயை ஒரு கடிதான் கடிச்சுது. ஒதடு வீங்கி, மேலெல்லாம் தடிச்சு, மூச்சு இழுத்துட்டு. வெத்தலையும் நல்லமொளகும் தேடுத நேரமா அது? அட்ரினலின் ஊசிதான் காப்பாத்திச்சு. ‘கொஞ்சூண்டு தின்னா ஒண்ணும் செய்யாது’ன்னு அந்தப் புள்ளைக்கு ஊட்ட வாரவள வெளக்கமாத்தாலதான் அடிக்கணும்.

சீலியாக்னு ஒரு நோயும் உண்டு. கோதுமை உள்ள போனா அவுக ஒடம்பே அவுக சிறுகுடலைச் சேதப்படுத்திரும். சாம்பார்ல போடுத பெருங்காயத்தூள்ல கூட மைதா சேத்துருப்பான். டப்பாவைத் திருப்பிப் படிச்சுட்டுத்தான் அவுக தாளிக்கணும். கோதுமை அரைச்ச மில்லுல அரைச்ச கம்பு மாவும் அவுகளுக்கு ஆகாது. கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல குளூட்டன் இருந்தா அந்த லேபிளை ஒட்டப்படாதுன்னு சட்டம் போட்டது அவுகளுக்காகத்தாம்லே, ஒன் பவுசுக்காக இல்ல.

ஒனக்கும் அப்படிச் சந்தேகம் இருந்தா நல்ல டாக்டரா போய்ப் பாரு. ஆனா கோதுமையை நிறுத்துததுக்கு முந்தியே ரத்தம் குடுத்துரணும். நிறுத்திட்டுப் போனா, நோய் இருந்தாலும் சோதனையில சிக்காமப் போயிரும். அந்தக் கவலை ஒனக்கெதுக்கு? நேத்து ராத்திரி முக்குக் கடையில நாலு பரோட்டாவைப் பிச்சுப்போட்டுச் சால்னா ஊத்துன ஆளுதான நீயி!