வாத்தியாருக்கு மார்க் யார் போடுவது?

பீஃபா என்றதும் கால்பந்து ஞாபகம் வந்தால் மன்னியுங்கள், இது வேறு ஆட்டம். ஓர் அரசாங்கம் எப்படி வரவு செலவு போடுகிறது, எப்படிக் கணக்கெழுதுகிறது என்று பரீட்சை வைத்து ஏ, பி, சி, டி என மார்க் போடும் ஏற்பாடு. உலக வங்கி, சர்வதேச நாணய நிதியம், ஐரோப்பிய ஆணையம், இன்னும் நான்கு பணக்கார நாடுகள் சேர்ந்து 2001-ல் தொடங்கியது. போரில் நொறுங்கிய தேசத்தை இந்தப் பரீட்சைக்கு உட்கார வைத்தால் போதும், சீர்திருத்தம் பின்னாலேயே ஓடி வருமாம்.

ஆப்கானிஸ்தானில் ஓடித்தான் வந்தது. காபூல் நிதியமைச்சகம் படிக்கிற பையன். தன் நிலையில் உள்ள ஏழை நாடுகள் பலவற்றை முந்திப் பேர் வாங்கியது. வாத்தியார்களுக்குப் பரம சந்தோஷம்.

சம்பளத்தைக் கையில் கொடுக்காதே, பாதியில் சுருட்டிவிடுவார்கள், வங்கியில் போடு என்றார்கள். போட்டார்கள். பள்ளி ஆசிரியர், போலீஸ், சிப்பாய் சம்பளமெல்லாம் காபூல் வங்கி வழியாகப் போனது. அந்த வங்கியின் தலைவர் 2008-ல் லண்டனில் போக்கர் சீட்டாட்டத்தில் பட்டம் வென்றவர். பங்குதாரர்களில் ஒருவர் அப்போதைய அதிபர் கர்சாயின் அண்ணன். 2010 செப்டம்பரில் வங்கி படுத்தது. தொண்ணூறு கோடி டாலருக்கு மேல் ஓட்டை. கொடுத்த கடனில் 92 சதவீதம் போய்ச் சேர்ந்தது ஆட்களும் கம்பெனிகளுமாக வெறும் 19 தரப்புக்கு! பாதியில் சுருட்டுபவர்களை ஒழித்து, மொத்தமாகச் சுருட்டுபவர்களிடம் சாவியைக் கொடுத்தாயிற்று. அந்த ஓட்டையை அடைத்த பணம் யாருடையது? கஜானாவுடையதுதான், வேறென்ன.

2013-ல் அடுத்த கூத்து. அதிபர் மாளிகைக்கு சிஐஏ பல வருடங்களாகப் பை பையாகப் பணம் அனுப்பிவந்ததை நியூயார்க் டைம்ஸ் எழுதியது. கர்சாய் மறுப்பார் என்று பார்த்தால், நன்றி சொன்னார். ஈரான் கொடுத்த பையை அவர் 2010-லேயே ஒப்புக்கொண்டாயிற்று. கணக்கில் வராத அரசுச் செலவு எவ்வளவு என்று அந்தப் பரீட்சையில் ஒரு கேள்வி உண்டு, தெரியுமா? சிஐஏ வழியாகப் பை அனுப்பிய அமெரிக்காதான் உலக வங்கியின் மிகப் பெரிய பங்குதாரர். அதே 2013-ல் ஊழல் பட்டியலின் கடைசி இடத்தில் வட கொரியா, சோமாலியாவோடு தோள் உரசிக்கொண்டு நின்றது ஆப்கானிஸ்தான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் வயிறு எரிவது வேறொன்றுக்கு. பழைய கேள்வித்தாளில் அரசுக்கு 28 கேள்விகள். கடைசியில், ஏதோ வெட்கப்பட்டுச் சேர்த்ததுபோல, உதவி கொடுக்கிறவர்களுக்கும் மூன்று. தருவதாகச் சொன்ன பணத்தைச் சொன்ன நேரத்தில் தந்தாயா? நீ இங்கே செலவழிப்பதை இந்த அரசிடம் சொன்னாயா? இந்த நாட்டுக் கருவூலத்தின் வழியாகக் கொடுத்தாயா? மூன்றும் சத்தியமான கேள்விகள். ஆப்கானிஸ்தானுக்குத் தரும் உதவியில் பாதியையாவது அதன் பட்ஜெட் வழியாகத் தருகிறோம் என்று 2010 காபூல் மாநாட்டில் உறுதிமொழி கொடுக்கவேண்டிய நிலை உதவி கொடுக்கிறவர்களுக்கு. அதுவரை எந்த வழியாகப் போனது என்று நான் விளக்க வேண்டியதில்லை. 2016-ல் கேள்வித்தாளைத் திருத்தினார்கள். அரசுக்கான கேள்விகள் 31 ஆயின. உதவி கொடுக்கிறவர்களுக்கான மூன்றும் போயே போயின. தனக்கு ஓடாத பாடத்தைப் பாடத்திட்டத்திலிருந்தே கிழித்தெறிந்த வாத்தியாரை எங்காவது பார்த்திருக்கிறீர்களா? அவருக்கு நல்லாசிரியர் விருது கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்.

2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் விழுந்தது. பதிவேட்டில் மூன்று லட்சம் படையினரும் போலீசாரும். அதில் பெரும்பாலோர் நிஜத்தில் இல்லவே இல்லை, பேரும் சம்பளமும் மட்டும்தான் இருந்தன என்று பின்னால் போட்டு உடைத்தவர், காபூல் விழச் சில நாள் முன்பு ராஜினாமா செய்த நிதியமைச்சர் காலித் பயேந்தா. அடுத்த வருடம் அவர் வாஷிங்டனில் ஊபர் ஓட்டிக்கொண்டிருந்தார். உலக வங்கியின் தலைமையகம் இருக்கும் அதே ஊர். சவாரி முடிந்து இறங்குகிறவர் அவருக்கு ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று மார்க் போட்டுவிட்டுப் போவார்.