தள்ளுங்க ஜி

புரோகிராம் ஓடவில்லை என்று யாராவது முனகினால் போதும், அந்த மாடியின் எந்த மூலையில் இருந்தாலும் நம் ஜி காதில் விழுந்துவிடும். மேனேஜர் கூப்பிடுவது மட்டும் விழாது. டீ டம்ளரோடு வந்து நிற்பார். "தள்ளுங்க ஜி" என்பார். நாம் நாற்காலியை நகர்த்தி முடிப்பதற்குள் கீபோர்டு அவர் கையில், டம்ளர் நம் நோட்டின் மேல்.

திரை முழுக்கச் சிவப்பாக எரர். பைத்தான் பாவம், நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு விஷயத்தைக் கடைசி வரியில் வைத்திருக்கிறது: கலெக்‌ஷன்ஸிலிருந்து மேப்பிங்கை இம்போர்ட் செய்ய முடியவில்லை. எந்த லைப்ரரியின் எந்த ஃபைல், எத்தனையாவது வரி என்பது அதற்குச் சற்று மேலேயே இருக்கிறது. ஜி அங்கே போகமாட்டார். மேலிருந்து மூன்று வரி பார்ப்பார், மவுஸ் சக்கரத்தை ஒரு சுழற்று சுழற்றுவார், "வெர்ஷன் இஷ்யூ ஜி" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

கொடுமை என்னவென்றால், தீர்ப்பு சரிதான். எதனுடைய வெர்ஷன் என்று மட்டும் கேட்கக் கூடாது.

மேப்பிங் குடிபெயர்ந்தது 2012-இல், பைத்தான் 3.3 வந்தபோது. புது விலாசம் கலெக்‌ஷன்ஸ்.ஏபிசி. பழைய விலாசத்துக்கு வந்தவர்களையும் ஒன்பது வருஷம் உள்ளே விட்டார்கள். இனி இது நடக்காது என்று எச்சரித்தும் பார்த்தார்கள். 2021 அக்டோபரில் 3.10 வந்தபோதுதான் கதவைச் சாத்தினார்கள். ஆக, இன்னும் பழைய கதவைத் தட்டிக்கொண்டிருக்கும் அந்த ஒரு லைப்ரரியைப் புதுப்பித்தால் வேலை முடிந்தது.

ஒன்றோடு நிறுத்தினால் அவர் ஜி இல்லையே! சிவப்பில் கண்ணில் பட்ட பெயர் அத்தனைக்கும் 'பிப் இன்ஸ்டால் அப்கிரேட்' அடிப்பார். டவுன்லோடு ஆகும்வரை மேசையில் தாளம் போடுவார். ஓட்டிப் பார்த்தால் புது எரர்: வெர்க்சாய்கில் யூஆர்எல்_க்வோட் என்று எதுவும் இல்லையாம்.

ஜி முகத்தில் வெளிச்சம். "பாத்தீங்களா, பழைய எரர் போயிடுச்சு!"

போனது போனதுதான். 2023 செப்டம்பரில் வந்த வெர்க்சாய்க் 3.0 அந்த ஃபங்‌ஷனைத் தூக்கிவிட்டது. நம்மிடம் இருக்கும் ஃப்ளாஸ்க் 2.2 அதைத்தான் தேடுகிறது. 'வெர்க்சாய்க் 2.2.2 அல்லது அதற்கு மேல்' என்று கேட்ட ஃப்ளாஸ்க், எதுவரை என்று சொல்லவில்லை. பிப்பும் வாயைத் திறக்காமல் 3.0-ஐ ஏற்றிவிட்டது. சரி, ஃப்ளாஸ்க்கையும் ஏற்று. இப்போது பழைய ஃப்ளாஸ்க்-லாகின் படுத்துக்கொண்டது. "அதுவும் போயிடுச்சு ஜி!" ஒவ்வொரு எரரையும் ஏதோ வாடகை பாக்கி வைத்தவனைக் காலி செய்ததுபோல் வழியனுப்பி வைக்கிறாரே தவிர, உள்ளே வருகிறவன் யார் என்று பார்ப்பதில்லை. மூன்றாவதோ நான்காவதோ எரர் வரும்போது அவர் போன் அடிக்கும். "ஒரு நிமிஷம் ஜி" என்று போவார். டம்ளர் மட்டும் நம்மிடமே இருக்கும்.

மனுஷர் தங்கமானவர், அதையும் சொல்லிவிட வேண்டும். ரிலீஸ் அன்று ராத்திரி எல்லோரும் கேப் பிடித்துக் கிளம்பிய பிறகும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். வீட்டிலிருந்து கொண்டுவந்த முறுக்கு டப்பாவைத் திறந்து நடுவில் வைப்பார்.

ஆனால் அவர் எழுதிவைத்த ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைலைத் திறந்தால் முறுக்கு தொண்டையில் நிற்கிறது. ஃப்ளாஸ்க், நம்பை, பாண்டாஸ் என்று வெறும் பெயர்கள். ஒன்றுக்கும் வெர்ஷன் நம்பர் கிடையாது. கேட்டால், "லேட்டஸ்ட் வரட்டுமே ஜி." வந்தது. 2024 ஜூனில் நம்பை 2.0 வந்தது, பழைய நம்பையை நம்பிக் கட்டிய லைப்ரரிகள் வரிசையாக விழுந்தன. இதில் தனி என்விரான்மென்டும் கிடையாது. எல்லாமே ஒரே பைத்தானில், அதனால் ஒரு புராஜெக்ட்டுக்குச் செய்த வைத்தியத்தில் பக்கத்துப் புராஜெக்ட்டும் சாகிறது. வீஎன்வ் பைத்தானோடு சேர்ந்தே வருகிறது, அதே 2012-இலிருந்து. காசா பணமா?

ஜி, நீங்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். ஓடுகிற நாளில் ஒருமுறை 'பிப் ஃப்ரீஸ்' அடித்து அந்த நம்பர்களை ஃபைலில் போட்டுவையுங்கள். எரர் வந்தால் முதலில் கடைசி வரியைப் படியுங்கள். அப்புறம் தாராளமாகத் தள்ளச் சொல்லுங்கள், தள்ளுகிறோம்.