பிளக்கைப் பாருங்கள்

நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் சென்னையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. அந்நேரம் ஓ.எம்.ஆர். சாலை கால் சென்டரில் ஹெட்செட் மாட்டும் தம்பி, பகலில் அஞ்சல்வழியில் எம்.சி.ஏ. படிக்கிறான். பகல் என்றால், தூங்கியது போக மிச்சப் பகல்.

நெட் வரவில்லை என்று திட்டுகிறவரிடம் "பிளக் மாட்டியிருக்கிறதா?" என்று கேட்கக் கூடாது, கோபம் வரும். "ஒருமுறை கழற்றி, தூசி தட்டி மாட்டுங்கள்" என்றால் வரும் மௌனத்தில் நெட்டும் வந்துவிடும். அந்த இடைவெளியில் மியூட்டை அழுத்தி ஒரு பெருமூச்சு, மடியிலிருக்கும் நோட்ஸில் நாலு வரி.

மன அழுத்தம் குறைய எச்.ஆர். யோகா வகுப்பு வைத்தது, அவன் தூங்கும் காலை 10 மணிக்கு. போகாததற்கு விளக்கம் கேட்டு மெயில்.

அடுத்தமுறை கஸ்டமர் கேரைத் திட்டுமுன் பிளக்கைப் பார்த்துவிடுங்கள். அவனுக்கு நாளை பரீட்சை.