எந்த நாமம், சார்?

வடகலையா தென்கலையா என்று நெற்றியைப் பார்த்தே சொல்லிவிடும் ஊர் ஸ்ரீரங்கம். அதே கண்தான் இப்போது விடியற்காலையில் காவிரிப் பாலத்தில் சைக்கிள் ஃபிரேமையும் பார்க்கிறது. டெகாத்லான் கடையின் ட்ரைபன் சைக்கிள் என்றால், “ஓ, அதுவா!” அத்தோடு பேச்சு முடிந்தது.

பெயரை மறைத்துவிட்டுப் பார்த்தால் பல வண்டிகளில் கியர் அதே ஜப்பானிய ஷிமானோ. பெரிய மனுஷன் வண்டியான அமெரிக்க ஸ்பெஷலைஸ்டில் தைவான் மெரிடாவுக்குப் பங்குண்டு. அந்த மெரிடாவே தன் பெயரில் வந்தால் அந்தஸ்து ஒரு படி குறைவு! 2024 டூர் டி பிரான்ஸில் ஓர் அணி டெகாத்லானின் வான் ரைசலில்தான் ஓடியது. செய்தி உத்தர வீதிக்கு இன்னும் வரவில்லை.

நமக்கு வேண்டியதோ முக்கொம்பு போய் வருவது. வழியெல்லாம் சமதரை; ஊரின் பெரிய ஏற்றம் மலைக்கோட்டை, அதிலும் படிக்கட்டு. ஆனாலும் ஆல்ப்ஸுக்கான கார்பன் ஃபிரேம் வேண்டுமாம், அரை கிலோ குறையுமாம். முக்கால் லிட்டர் தண்ணீர் பாட்டிலை மாட்டினால் போச்சு. பந்தய வண்டி 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று சர்வதேச விதி இருக்கிறது. ஓட்டுபவரின் தொப்பைக்குத்தான் விதி இல்லை.

அலுமினிய ஃபிரேம், கார்பன் ஃபோர்க், ஷிமானோ சோரா கியர், 28 மி.மீ. டயர், முக்கியமாக உங்கள் உயரத்துக்கேற்ற அளவு. போதும். மிச்சப் பணத்தில் ஹெல்மெட், பின்விளக்கு வாங்கலாம்.

1949-இல் தொடங்கிய நம்மூர் டி.ஐ. சைக்கிள்ஸின் மான்ட்ராவைச் சொன்னால், “பி.எஸ்.ஏ. கம்பெனியா?” என்று முகம் சுளிக்கிறார்கள். தாத்தா அரிசி மூட்டையோடு கொள்ளிடம் தாண்டியது எதில் என்று நினைப்போ! கௌரவம் கட்டாயம் வேண்டுமென்றால், ஸ்டிக்கர் தனியாகவே விற்கிறார்கள்.