பிடிக்காதவரிடமும் அன்பா?

கேள்வி: கண்டாலே ஆகாத ஒருவரிடம் அன்பு காட்டச் சொல்கிறதே கிறிஸ்தவம்! அது வெறும் நடிப்பு ஆகிவிடாதா?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: ஆகாது. பிரான்சின் லிசியே நகரத்துக் கார்மெல் கன்னியர் மடத்தில் 1888-இல், 15 வயதில் சேர்ந்தார் குழந்தை இயேசுவின் தெரேசா. அங்கே நோயுற்ற வயதான அருட்சகோதரி ஒருவரை மாலைதோறும் ஜெபக்கூடத்திலிருந்து சாப்பாட்டு அறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போவார். வேகமாக நடந்தால் விழுந்துவிடுவேன் என்று அதட்டல். மெதுவாக நடந்தால் கையை விட்டுவிட்டாய் என்று புகார். தெரேசா அவரைப் பத்திரமாக உட்கார வைப்பார். விரல்கள் சரியாக இயங்காததைக் கவனித்துவிட்டு, ரொட்டியையும் நறுக்கிக் கொடுப்பார். போகும்போது ஒரு புன்னகை.

இன்னொரு அருட்சகோதரியைத் தெரேசாவுக்குத் துளியும் பிடிக்காது. அவருக்குத்தான் தேடிப்போய் உதவினார். கடைசியில் அந்தச் சகோதரி, என்னிடம் அப்படி எதைக் கண்டு மயங்கினாய் என்று கேட்டேவிட்டார்!

பகைவரையும் நேசிக்கச் சொன்ன இயேசு, அவர்களுக்கு நன்மை செய்யுங்கள், அவர்களுக்காக ஜெபியுங்கள் என்றார். மனசு கனியட்டும், பிறகு செய்யலாம் என்று தவணை தரவில்லை. கை முந்தட்டும், மனசு பின்னால் வரும்.

உங்களுக்கு ஆகாத அந்த ஒருவருக்கு, நாளைக் காலை முதல் காபியை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்களேன்.